கௌதாரிமுனை மணலில் ஒரு பிற்பகல்: வன்னித் தனிப்பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சிட்னியிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஒரு கேடிஎச் வான், ஒரு சாரதி, ஒரு வழிகாட்டி. இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியில், வவுனியாவில் தொடங்கி வவுனியாவிலேயே முடியும் ஐந்து நாள் பயணம். ஓகஸ்ட் மாதம், கச்சான் காற்று அடிக்கும் காலம். நான்காம் நாள் மதியம், பூநகரிக்கு அப்பால் கௌதாரிமுனை மணலில் வான் புதைந்தது. பிறகு எடுத்துவிட்டார்கள், ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் வான் புதைந்திருந்த நேரத்துக்குள் நீரிழிவுள்ள ஒரு அம்மம்மாவின் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கியது. கூட இருந்தவர்கள் முதலில் அதை வெயில் களைப்பு என்றே நினைத்தார்கள்.

தனிப்பட்ட பயண ஒழுங்குகளை நடத்துகிறவர்களுக்கும் வாடகை வான் வைத்திருப்பவர்களுக்கும் இந்தச் சம்பவம் நிறையச் சொல்லும் என்பதால் எழுதுகிறேன். சாரதி, வழிகாட்டி, அந்த அம்மம்மாவின் மகள் ஆகிய மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் எழுதச் சம்மதித்தார்கள். பெயர்களையும் பயண நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிட்டேன்.

யார், எதற்காக

வானில் வந்தவர்கள் நால்வர்: கணவன், மனைவி, பன்னிரண்டு வயது மகன், மனைவியின் தாய். அம்மம்மா பிறந்தது முள்ளியவளைப் பக்கம். ஊரை விட்டுப் போனபின் அவர் வன்னிக்குத் திரும்புவது இதுவே முதல் தடவை. மருமகன் பொறியியலாளர். சிட்னியில் இருந்துகொண்டே அவுஸ்திரேலியாவின் சிம்சன் பாலைவனத்தை வழிகாட்டியுடன் கடந்து வந்தவர். அந்தப் பயணம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. அதேபோல ஒன்றைத் தன் மகனுக்கு வன்னியில் காட்டவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. தனி வாகனம், தனி வழிகாட்டி, பெருவீதியை விட்டு உள்ளே போகும் பாதைகள். நிறுவனத்துக்கு அவர் அனுப்பிய கோரிக்கையிலும் இதுதான் இருந்தது.

வழிகாட்டி கிளிநொச்சி இளைஞன், சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் உரிமம் உள்ளவன். நாட்சம்பளம். சாரதி ஐம்பதைக் கடந்தவர், வான் அவருடைய சொந்தம். இந்த இரண்டு விபரங்களும் பின்னால் முக்கியமாகும்.

திட்டம்

தாளில் பார்த்தால் நல்ல திட்டம். முதல் நாள் வவுனியா, ஓமந்தை, புளியங்குளம். அங்கே ஏ9 பெருவீதியை விட்டு விலகி நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், வழியில் வன்னி அரசன் பண்டாரவன்னியன் 1803இல் ஆங்கிலேயரிடம் தோற்ற கற்சிலைமடு, இரவு முல்லைத்தீவு. இரண்டாம் நாள் முள்ளியவளை, வற்றாப்பளை, நந்திக்கடல். மூன்றாம் நாள் முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியாக ஏ35இல் பரந்தன், மாலையில் இரணைமடு, இரவு கிளிநொச்சி. நான்காம் நாள் பூநகரி, பிறகு ஏ32இல் தெற்கே முழங்காவில், வெள்ளாங்குளம், விடத்தல்தீவு, இரவு மன்னார். ஐந்தாம் நாள் திருக்கேதீச்சரம், மன்னார்ப் பெருக்கமரம், மடு, வவுனியா.

ஒரு நாளும் தூரம் அதிகமில்லை. வீதிகளும் இப்போது பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கின்றன. எரிபொருளுக்கும் பயப்படத் தேவையில்லை. சிம்சனில் மவுண்ட் டேரை விட்டால் பேர்ட்ஸ்வில் வரை ஏறத்தாழ 500 கிலோமீற்றருக்கு ஒரு பம்பும் கிடையாது. இங்கே மாங்குளம், பரந்தன், முல்லைத்தீவு, மன்னார் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெற்றோல் செட் வந்துவிடும். வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது இலகுவான பயணம்.

ஆனால் வன்னியில் நேரத்தை வாங்குவது தூரமல்ல, மனிதர்கள். முள்ளியவளையில் அம்மம்மாவின் பழைய வளவைத் தேடிப் போனார்கள். வளவில் இப்போது வேறு வீடு. பக்கத்து வேலியில் நின்ற ஒரு மனிசி அம்மம்மாவின் தகப்பனுடைய பெயரைக் கேட்டதும் கேற்றைத் திறந்துவிட்டார். சின்ன வயதில் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவரின் தங்கச்சி. பிறகென்ன, “ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்பது மத்தியானச் சாப்பாடாகி, கோயிலுக்கு ஒன்றாகப் போவதாகி, பொழுது சாய்ந்துவிட்டது. நந்திக்கடல் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது. முள்ளிவாய்க்காலில் 2009 மே மாதத்தில் போரில் இறந்தவர்களுக்கான நினைவிடத்தில் அம்மம்மா நெடுநேரம் இருந்தார். ஒருவரும் அவரை எழுப்பவில்லை, எழுப்பவும் கூடாது. அதனால் இரணைமடு நான்காம் நாள் காலைக்குப் போனது.

இந்தத் தாமதத்தை நான் குறையாகக் கணக்கில் எடுக்கவில்லை. அந்த அம்மா வந்ததே அதற்காகத்தான். குறை திட்டத்தில் இருந்தது. சொந்தத்தைத் தேடி வருபவரை அழைத்துப் போகும் பயணத்தில் சொந்தம் கிடைத்துவிட்டால் எதைக் கைவிடுவது என்று ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்கவில்லை. எல்லா இடங்களும் ஒரே முக்கியத்துவத்தோடு தாளில் இருந்தன. அதனால் ஒன்று தள்ளிப்போக, மற்றவை எல்லாம் நெருக்கப்பட்டு நான்காம் நாளின் தலையில் விழுந்தன.

நான்காம் நாள்

காலை ஏழு மணிக்கு அம்மம்மா இன்சுலின் போட்டுக்கொண்டு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார். அவர் போடுவது காலையும் இரவும் எடுக்கும் கலப்பு இன்சுலின். இதைப் போடுபவர்கள் மதியச் சாப்பாட்டைப் பிந்தவிடக் கூடாது. காலையில் போட்ட மருந்தின் மெதுவான பகுதி மத்தியானத்தில் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். வயிற்றில் சோறு இல்லாவிட்டால் அது இரத்தத்தில் இருக்கிற சீனியை இறக்கிக்கொண்டே போகும். மகளுக்கு இது தெரியும். வழிகாட்டிக்குத் தெரியாது. பயணப் படிவத்தில் “உணவு: சைவம் / அசைவம்” என்று இருந்ததே தவிர, மருந்தைப் பற்றிய கேள்வியே இருக்கவில்லை.

இரணைமடுக் கட்டில் ஏறிப் பார்த்தார்கள். ஓகஸ்டில் தண்ணீர் உள்வாங்கி, குளத்தின் தரை வெடித்துக் கிடந்தது. அங்கிருந்து முறிகண்டிக்குப் போய்ப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் (நிலக்கடலை) வாங்கிக்கொண்டார்கள். சாரதி அந்த வீதியில் ஓடும் எல்லாரையும்போல அங்கே நிறுத்தாமல் போகமாட்டார். பூநகரியைத் தொடும்போது மதியம் பன்னிரண்டு. ஒரு மணிக்கு முழங்காவிலில் ஒரு வீட்டில் சாப்பாடு சொல்லி வைத்திருந்தது.

பூநகரிச் சந்தியில்தான் கௌதாரிமுனைப் பேச்சு எழுந்தது. கடலுக்கும் களப்புக்கும் நடுவே நீண்டு கிடக்கும் அந்த நிலத்துண்டில் வெள்ளை மணற்குன்றுகள் இருக்கின்றன. அதன் அந்தத்தில் மண்ணித்தலையில் சோழர் காலத்தது என்று கருதப்படும் ஒரு சிவன் கோயிலின் இடிபாடும் இருக்கிறது. வன்னியில் பாலைவனம் என்று சொல்லக்கூடிய காட்சி வேண்டுமானால் அதுதான். திட்டத்தில் அது இல்லை. மகன் கைப்பேசியில் படத்தைக் காட்டினான்.

மருமகன்: “கொஞ்சத் தூரம்தானே தம்பி, ஒருக்காப் பாத்திட்டு வருவம்.”

வழிகாட்டி: “அண்ணா, அங்கால மணல் கூட. காலமையெண்டால் பரவாயில்லை.”

“நாங்கள் சிம்சனே போய் வந்தனாங்கள்.”

வழிகாட்டி சாரதியைப் பார்த்தான். சாரதி ஒன்றும் சொல்லவில்லை. வான் திரும்பியது.

அந்த மௌனத்தைப் பற்றிச் சாரதியிடம் கேட்டேன். “பிள்ளை ஓமெண்டிட்டான், நான் எப்பிடிக் குறுக்க நிக்கிறது” என்றார், வழிகாட்டியைக் குறித்து. வழிகாட்டியிடம் கேட்டேன். “அண்ணை ஒண்டும் சொல்லேல்ல, அப்ப ஏலும் போல எண்டு நினைச்சன்” என்றான். இருவரும் மற்றவர் மறுப்பார் என்று காத்திருந்திருக்கிறார்கள். இந்தச் சம்பவத்தின் வேர் மணலில் இல்லை, பூநகரிச் சந்தியில் நடந்த இந்தச் சில வினாடிகளில்தான் இருக்கிறது.

மணலில்

கச்சான் காற்று பாதையின் மேல் மணலை வாரிப் போட்டிருந்தது. ஒரு மணி கடந்த நேரத்தில், எதிரே வந்த மோட்டார் சைக்கிளுக்கு ஒதுங்கிக் கொடுக்கப்போய், பின்சில்லு இரண்டும் இளமணலில் இறங்கின. கேடிஎச் பின்சில்லால் இயங்கும் வண்டி. ஆட்கள், பெட்டிகள் என்று பாரமெல்லாம் பின்பக்கம். சாரதி வேகம் கொடுத்தார், சில்லு சுழன்று இன்னும் தோண்டியது. மூன்றாவது தடவை கிளச் கருகும் மணம் வந்தது. அடித்தளம் மணலில் இருந்துவிட்டது.

இங்கே மருமகனின் பாலைவன அனுபவம் உண்மையிலேயே உதவியது. “இனி அக்ஸிலேற்றரை மிதிக்க வேண்டாம்” என்று நிறுத்தச் சொன்னார். சில்லுக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் வாரி, ரயர்க் காற்றை இறக்கினார். காற்றைக் குறைத்தால் ரயர் பரந்து மணலில் மிதக்கும், பாலைவனத்தில் வண்டி ஓட்டுபவர்களின் முதல் பாடம் அது. ஆனால் அவர் அங்கே கற்றது நான்கு சில்லும் இழுக்கும் உயர்ந்த வண்டியில், கூடவே வேறு வண்டிகள் வரும் தொடரணியில், மீண்டும் காற்றடிக்கக் கொம்பிரசர் கையில் இருக்கும்போது. இங்கே அவற்றில் ஒன்றும் இல்லை.

அடுத்து அவர் மகனிடம் பற்றைக்குள் போய்க் கொப்பு முறித்துவரச் சொன்னார், சில்லுக்குக் கீழே போட. வழிகாட்டி ஓடிப்போய்ப் பையனின் கையைப் பிடித்து நிறுத்தினான். அன்று மதியம் அவன் செய்த மிகச் சரியான காரியம் அது. பூநகரிப் பிரதேசம் 1993இலும் 2008இலும் பெருஞ்சண்டை நடந்த நிலம். மிதிவெடி அகற்றும் வேலை வடக்கில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது, பெரும்பகுதி துப்புரவாக்கப்பட்டும் விட்டது. அப்படியிருந்தும் ஆட்கள் நடந்து பழகிய தடத்தை விட்டுப் பற்றைக்குள் கால் வைப்பதில்லை என்பது இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத பழக்கம். வெளியிலிருந்து வருபவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். முதல் நாள் காலையிலேயே, வானில் ஏற முன்னரே சொல்ல வேண்டும். அன்றுவரை அவர்களுக்கு அது சொல்லப்படவில்லை.

வானின் கால்மிதிகளைப் போட்டுப் பார்த்தார்கள், வான் அரைச் சாண் அசைந்து நின்றது. கைப்பேசித் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. மோட்டார் சைக்கிளில் வந்தவர் ஊருக்குள் போய் உழவு இயந்திரம் ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார்.

அம்மம்மா

ஒன்றே முக்கால் போல அம்மம்மாவுக்கு வியர்த்துக் கொட்டத் தொடங்கியது. எல்லாருக்கும்தான் வியர்த்தது, அதனால் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. வானின் நிழலில் அவரை இருத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். கை நடுங்கியது. “களைச்சுப் போனா” என்றார் மருமகன். ஏதாவது சாப்பிடட்டும் என்று முறிகண்டிக் கச்சானை உரித்துக் கொடுத்தான் பேரன்.

கொஞ்ச நேரத்தில் அம்மம்மா மகளைத் தன் தங்கையின் பெயரால் கூப்பிட்டார். அப்போதுதான் மகளுக்கு உறைத்தது. பையிலிருந்த குளூக்கோமீற்றரை எடுத்துப் பார்த்தார்: 3.1.

“மூண்டு தசம் ஒண்டு” என்று அவர் கத்த, வழிகாட்டிக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. அவனுடைய தகப்பனுக்கும் சீனி வருத்தம் உண்டு. ஆனால் நமது ஆஸ்பத்திரிகளில் சொல்வது மில்லிகிராம் கணக்கு: 110, 180, 240 என்று. அவுஸ்திரேலியாவில் மில்லிமோல் கணக்கு. மில்லிமோலைப் 18ஆல் பெருக்கினால் நமது கணக்கு வரும். 3.1 என்றால் 56. “ஐம்பத்தாறு” என்று சொல்லியிருந்தால் அவன் அந்த நிமிடமே விளங்கிக்கொண்டிருப்பான். வெளிநாட்டிலிருந்து வரும் நீரிழிவுக்காரரோடு பயணம் செய்யும் ஒவ்வொருவரும் இந்த 18ஐ மனதில் வைத்திருக்க வேண்டும். மில்லிமோலில் 4க்குக் கீழே, நமது கணக்கில் 70க்குக் கீழே போனால் உடனே சீனி கொடுக்க வேண்டும்.

கச்சான் உதவாததற்கும் காரணம் உண்டு. அதில் கொழுப்பும் புரதமும்தான் கூட. இரத்தத்தில் சீனியை விரைவாக ஏற்றாது. தேவைப்படுவது வெறும் சீனி, அல்லது சீனி கரைந்த பானம். ஏறத்தாழ 15 கிராம், மூன்று தேக்கரண்டி. பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். ஏறியபின் பாண், பிஸ்கட், சோறு என்று ஏதாவது சாப்பாடு. ஆள் விழுங்க முடியாத நிலையிலோ மயங்கியோ இருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுக்க வேண்டும்.

குளிர்பெட்டியில் தண்ணீரும் சீனி இல்லாத சோடாவும் மட்டும்தான் இருந்தன. நீரிழிவுள்ள ஆள் வருகிறார் என்று நிறுவனம் அக்கறையோடு செய்த ஏற்பாடு அது. நல்ல எண்ணம்தான், ஆனால் அந்த நேரத்துக்கு வேண்டியது அதன் எதிர்ப்பக்கம். வழிகாட்டி தடத்தோடு ஓடிப்போய் முதலில் தெரிந்த வாடியில் கேட்டான். அங்கிருந்த பெண் ஒரு போத்தலில் சீனியும் கேத்திலில் தேத்தண்ணியுமாக அவனோடு நடந்தே வந்துவிட்டார். அம்மம்மா குடித்தார். பதினைந்து நிமிடத்தில் 4.4, அதற்குப் பிறகு 5.8. வாடியிலிருந்து கொண்டுவந்த புட்டைச் சாப்பிட்டார். பேச்சுத் தெளிந்தது.

மூன்று மணிக்கு உழவு இயந்திரம் வந்தது. கயிறு கட்டி இழுக்கப் பத்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. காற்றுக் குறைந்த ரயரோடு ஊர்ந்து, பூநகரியில் ரயர்க்கடை ஒன்றில் காற்றடித்து, எல்லாரும் சாப்பிட்டு முடிக்க ஐந்து மணி.

இரண்டாவது முடிவு

இப்போது அடுத்த கேள்வி. மன்னாரில் அறை பதிவாகியிருக்கிறது, பணமும் கட்டியாயிற்று. இரண்டு மணி நேரத்துக்குக் கிட்டிய ஓட்டம். ஓகஸ்டில் ஆறரைக்குள் பொழுது பட்டுவிடும். மருமகன் போகலாம் என்றார். வழிகாட்டி இந்தத் தடவையும் சாரதியைப் பார்த்தான்.

சாரதி சொன்னார்: “நான் ஓடமாட்டன் தம்பி. கிளச் மணத்தது. ராவில ஏ32இல மாடு படுத்துக்கிடக்கும். பரந்தனால திரும்பிக் கிளிநொச்சிக்குப் போவம்.”

ஒருவரும் வாதாடவில்லை. மருமகன்கூட. இருட்டுமுன்னர் கிளிநொச்சியில் இறங்கினார்கள். கிளிநொச்சி வைத்தியசாலையில் அம்மம்மாவைக் காட்டி, இரவு இன்சுலின் அளவைக் கேட்டுக்கொண்டார்கள்.

மதியம் வாய் திறக்காத அதே மனிதர் மாலையில் ஏன் தெளிவாக மறுத்தார்? வான் அவருடையது என்பதுதான் காரணம். கிளச்சும் இரவு ஓட்டமும் தன் அதிகாரத்துக்குள் வருகிறவை என்று அவருக்குத் தெரியும். எந்த இடத்துக்குப் போவது என்பதோ வழிகாட்டியின் பொறுப்பு என்று விட்டிருந்தார். வழிகாட்டிக்கோ அந்தப் பொறுப்பு பெயரளவில்தான். வாடிக்கையாளர் அதிருப்தியோடு போனால் அடுத்த பயணம் அவனுக்குக் கிடைக்காது. நாட்சம்பளக்காரனின் “ஏலாது” என்ற சொல்லுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.

சிம்சனில் இந்தப் பிரச்சினை வருவதில்லை. கடும் வெயில் காலத்தில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, அந்தப் பாலைவனப் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். எந்த வாடிக்கையாளரும் அதற்காக வழிகாட்டியைக் கோபிப்பதில்லை. வன்னியில் அப்படி எந்த வாசலும் இல்லை. மாரியில் கலிங்கு பாய்ந்து வீதி மறிபட்டால்தான் உண்டு. மற்றபடி எந்த மணலுக்கும் எந்த நேரமும் போகலாம். ஆகவே வழிகாட்டி மறுத்தால் அது நிலத்தின் விதியாகத் தெரிவதில்லை, அவனுடைய விருப்பமின்மையாகத் தெரிகிறது. மருமகன் கெட்டவர் அல்ல. மகளிடம் பேசியபோது அவரும் இதைத்தான் சொன்னார்: “அந்தத் தம்பி நேர ஏலாதெண்டு சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். பரவாயில்லை எண்டு இழுத்ததால ஏலும் எண்டு நினைச்சிட்டார்.” அவர் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் நேராகச் சொல்லும் பலத்தை அந்த வழிகாட்டிக்கு முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டியது நிறுவனம்.

பிறகு

ஐந்தாம் நாள் ஏ9இல் தெற்கே இறங்கி மடுவுக்கு மட்டும் போனார்கள். கொடியேற்றம் முடிந்து திருவிழாச் சனம் நிறைந்திருந்தது. திருக்கேதீச்சரமும் பெருக்கமரமும் விடுபட்டன. அம்மம்மா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. முள்ளியவளைக்கு இன்னொரு நாள் கிடைத்திருந்தால் நல்லது என்றுதான் சொன்னாராம்.

நிறுவனம் சில மாற்றங்கள் செய்திருக்கிறது. படிவத்தில் மருந்து, சாப்பாட்டு நேரம், எந்த அளவுக் கணக்கு என்பவை சேர்ந்தன. ஒவ்வொரு வானிலும் ஒரு டப்பா சீனி, கயிறு, காற்றடிக்கும் பம்ப், இரண்டு பலகைத் துண்டு. முதல் நாள் காலைப் பேச்சில் தடம் விட்டு இறங்காமை பற்றிச் சொல்கிறார்கள். திட்டத் தாளில் “நேரம் போனால் விடுவது” என்று ஒரு நிரல் வந்திருக்கிறது, அதை நிரப்புவது குடும்பமே. மதியத்துக்குப் பிறகு புதிய இடம் சேர்ப்பதில்லை, பொழுதுபட்ட பின் ஓடுவதில்லை என்ற இரண்டும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கின்றன. வழிகாட்டியோ சாரதியோ, இருவரில் ஒருவர் மறுத்தாலே போதும்.

இழுபறியானது பணத்தில்தான். தங்காத மன்னார் அறையின் வாடகையை முதலில் வழிகாட்டியின் சம்பளத்தில் கழித்தார்கள். சாரதி சண்டை பிடித்தார், “திரும்பினது என்ர முடிவு, அவன்ர காசில கைவைக்காதேங்கோ” என்று. விடயம் தெரிந்ததும் குடும்பம் சிட்னியிலிருந்து அந்தத் தொகையை நேரடியாக அவனுக்கு அனுப்பியது. இப்போது முற்பணம் வாங்கும்போதே ஓர் இரவுக்கான செலவை “மாற்று இரவு” என்று தனியே வாங்கி வைக்கிறார்கள். பயன்படாவிட்டால் கடைசி நாள் வவுனியாவில் இறங்கும்போது கையில் திருப்பிக் கொடுக்கிறார்கள்.